பேட்டரிக்குச் சூடு காட்டுகிற ஊர்

தம்பி,

நீ அனுப்பிய பெட்டி வந்து பத்து நாளாகிறது. நாற்பது பேட்டரி, எல்லாம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, விலாவில் சார்ஜ் ஏற்ற ஒரு சின்ன ஓட்டையோடு. "நம்ம கடையில வெச்சு எஸ்டேட் லைன் வீட்டு ஆளுங்களுக்குக் குடுத்துப் பாருங்கப்பா, ரெண்டு வாரம் கழிச்சுத் திங்கட்கிழமை ஏஜென்சிக்குக் கையெழுத்துப் போடறேன், அப்புறம் நீலகிரி ஜில்லா பூராவும் நான்தான்" என்று சொன்னாய். கம்பெனி வேலையையும் விட்டுவிடப் போவதாகச் சொன்னாய். போனில் பதில் சொன்னால் பாதியில் "மீட்டிங்ப்பா" என்று வைத்துவிடுவாய். ஆகவே எழுதுகிறேன். கேரட் லாரியில் மேட்டுப்பாளையம் வரும் போஜண்ணன் அங்கிருந்து கோயமுத்தூர் வந்து இதை உன் கையில் கொடுப்பார். அவர் எதிரில் நின்று நீ படித்து முடிக்கும்வரை கிளம்ப வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடு.

முதலில் அந்த அட்டைப்பெட்டி. ஒரு மின்னல், ஒரு புலி, அதற்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அப்பன், அம்மா, பிள்ளை மூன்று பேரும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார்கள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் உன் அம்மா என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. ரிமோட்டைப் பார்த்து எங்கே சிரிக்கப்போகிறாள். புலிக்கும் பேட்டரிக்கும் என்ன உறவு என்று உன் சிநேகிதன் ரகுவைக் கேட்டுச் சொல். இந்த யோசனையை உன் தலையில் ஏற்றிய மகான் அவன்தானே. போன மாசம் காரில் வந்தான். கடைக்கு முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்து, "செம குளிரு அங்கிள்" என்று மறுபடி மூடிக்கொண்டான். கண்ணாடியை நாலு விரல் இறக்கி, மலையில் டார்ச் லைட்டுக்கு எவ்வளவு பெரிய மார்க்கெட் காத்திருக்கிறது என்று அந்தச் சந்து வழியாக எனக்குப் பாடம் எடுத்தான். குளிருக்குப் பயந்து காரைவிட்டு இறங்காதவன் குளிர்தேசத்துக்குப் பேட்டரி விற்க வருகிறான். அவனுக்கு டீயையும் அந்தச் சந்து வழியாகத்தான் கொடுத்தேன்.

நான் ஒன்றும் விஞ்ஞானி இல்லை. பத்தாவதில் அறிவியல் பாடத்தில் இருபத்திரண்டு மார்க் வாங்கித் தோற்றவன். அதிலும் எட்டு மார்க் நான் வரைந்த தவளைக்கு. ஆனால் சோலூர் ரோட்டில் இருபத்தெட்டு வருஷமாகக் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு பேட்டரியைச் சோதிக்கத் தவளை தேவையில்லை. ஒரே மாதிரி மூன்று டார்ச் லைட், மணிக்கு ஊதுகிற தேயிலை ஃபேக்டரிச் சங்கு, இவை போதும். ஒன்றில் சாதாரண பேட்டரிக் கட்டை, தீர்ந்தால் தூக்கிப் போடுகிற ரகம். இரண்டாவதில் நீ ப்ளஸ் டூ படிக்கும்போது ஊட்டியில் வாங்கின வெள்ளைக் கட்டை, ராத்திரி சார்ஜரில் செருகிக் காலையில் எடுக்கிற பழைய ரகம். மூன்றாவதில் உன் புலி. காலை எட்டு மணிச் சங்குக்கு மூன்றையும் சேர்த்து எரியவிட்டு, அரிசி மூட்டை மேல் சுவரைப் பார்த்து அடுக்கினேன். வந்தவர்கள் எல்லாம் "பட்டப்பகல்ல யாருக்குங்க விளக்கு" என்று கேட்டார்கள். மகனுக்கு என்றேன்.

முதல் இரண்டு மணி நேரம் உன் புலிதான் ராஜா. அப்படி ஒரு வெள்ளை வெளிச்சம். பெருமை தாங்கவில்லை எனக்கு. பிறகு, மத்தியானச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால், பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தால், அணைந்து கிடக்கிறது. மங்கவில்லை, சிவக்கவில்லை, கண் சிமிட்டவில்லை. இருந்தது, இல்லை. சாதாரணக் கட்டை பத்து மணியிலிருந்தே சோர்ந்து, சாயங்காலம்வரை நோயாளி மாதிரி முனகிக்கொண்டு கிடந்தது. வெள்ளைக் கட்டை நாலு மணிக்கு மேல்தான் மங்க ஆரம்பித்தது. மங்கினபின்னும் அரை மணி நேரம் வழி காட்டுகிற அளவுக்கு எரிந்தது. இத்தனைக்கும் அதற்கு என்ன வயசு, எத்தனை தடவை சார்ஜ் ஏறியிருக்கும். நான் ஏதோ தப்புப் பண்ணியிருப்பேன் என்று மறுநாளும் அதற்கு மறுநாளும் செய்து பார்த்தேன். மூன்று நாளும் உன் புலி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே படுத்துக்கொண்டது.

பிறகு எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அந்த எண். வெள்ளைக் கட்டையின் மேல் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று போட்டிருக்கிறது, ஏதோ வெட்கப்பட்டுச் சொல்வது போல, சின்ன எழுத்தில். உன்னுடையதில் மூவாயிரத்து அறுநூறு என்று கொட்டை எழுத்து. இரண்டு மடங்கு என்றுதானே நீயும் சொன்னாய். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆங்கில எழுத்தைப் படித்துப் பார்த்தாயா? வெள்ளையில் mAh, உன்னுடையதில் mWh, இரண்டும் வேறு வேறு அளவு. முழத்தில் அளந்த துணிக்குப் பக்கத்தில் அங்குலத்தில் அளந்த துணியை வைத்து, பார் எண் எவ்வளவு பெரிசு என்று காட்டுகிற வேலை. போனில் தேடி, காகிதத்தில் கணக்குப் போட்டு, சரியாக வந்ததா என்று பயந்து இன்னொரு தடவை போட்டேன். ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் இரண்டாயிரத்து நானூறு வர வேண்டும். டார்ச்சில் போட்டால் அதில் பாதியாவது இருக்குமா என்று சந்தேகம். இருபத்திரண்டு மார்க் வாங்கினவனுக்கு இது பிடிபடுகிறது. இன்ஜினியரிங் படித்த உனக்கும் ரகுவுக்கும் பிடிபடவில்லை என்றால், படிக்க வைத்ததற்கு நான்தான் வருத்தப்பட வேண்டும். என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். தராசில் வைத்தேன். உன்னுடையது வெள்ளையைவிட எடை குறைவு. உள்ளே காலி, மாட்டிக்கொண்டான் திருடன் என்று துள்ளி உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகுதான் தெரிந்தது, லித்தியம் என்றாலே எடை குறைவுதானாம். அவள் தராசிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டு வெங்காயத்தை வைத்துவிட்டுப் போனாள்.

சமையலறை ரேடியோவில் போட்டேன். பாட்டுக்குப் பின்னால் யாரோ வெங்காயம் வதக்குகிற மாதிரி இரைச்சல். சுவர்க் கடிகாரத்தில் போட்டேன். நாலு மடங்கு விலை கொடுத்து மணி பார்ப்பது போல ஒரு கேவலம் உண்டா; அதற்குச் சாதாரணக் கட்டை ஒன்று ஒன்றரை வருஷம் ஓடுகிறது. உன் அம்மாவின் பிரஷர் மிஷினில் மட்டும் நன்றாக வேலை செய்தது, அதை மறைக்க மாட்டேன். அந்தப் பெட்டியைத் திறந்து பெட்டியையே புகழ்கிற வீடியோக்காரர்கள் இருக்கிறார்களே, நீ எனக்கு அனுப்பினாயே ஏழெட்டு, அவர்களில் ஒருவன்கூட இரண்டு மணி நேரம் எரியவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஓட்டையில் வயரைச் செருகி, சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டி, "வேற லெவல்" என்கிறான். சிவப்பு விளக்கு என் கடை எலிப்பொறியிலும் எரிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வியாபாரத்தில் நடக்கிற பித்தலாட்டம். இதற்காக மட்டும் ஒரு அப்பன் இவ்வளவு பெரிய கடிதம் எழுத மாட்டான். இனிமேல்தான் விஷயம்.

நீ இரண்டாவது படிக்கும்போது உன் அம்மாவுக்குக் கை உடைந்தது நினைவிருக்கும். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலை பார்த்தாள். சாயங்காலம் வரும்போது பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று உன்னிடம் சொன்னோம். வழுக்கவில்லை. அந்த வருஷம் கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து ஒருவன் தங்கநிறச் சட்டை போட்ட பேட்டரி கொண்டுவந்தான். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றலாம், சார்ஜர் இனாம். அதிலும் இப்படித்தான் ஒரு பெரிய எண். நான் ஒரு நாள்கூட எரியவிட்டுப் பார்க்கவில்லை. லைன் வீடுகள் பூராவும் என் வாக்கில் விற்றேன். சீக்கிரம் அணைகிறது என்று வந்தவர்களிடம், உங்கள் டார்ச் பழசு என்றேன், உங்கள் லைனில் கரண்ட் சரியில்லை என்றேன், அடுப்புத் திட்டில் வைத்துச் சூடு காட்டுங்கள் என்றேன். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதானே அது. குளிரில் விறைத்துப்போன கட்டையை அடுப்பு ஓரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் இன்னும் இரண்டு நாள் எரியும். சாதாரணக் கட்டைக்கு அது உண்மை. அதை எல்லாக் கட்டைக்கும் வைத்தியமாக்கினவன் நான். அப்பொழுது ஒரு போலி டாக்டர் மாதிரி கடையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு நாள் ஐந்து மணிக்கு மிஸ்ட் இறங்கி, தேயிலைக்கு நடுவில் இருக்கிற படியில் அவள் வந்துகொண்டிருக்கும்போது, அன்று காலையில் நானே போட்டுக் கொடுத்த தங்கக் கட்டை அணைந்தது. கால் வைக்கிற இடம் தெரியாமல் வடிகாலில் விழுந்தாள். எஸ்டேட் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கட்டைய இன்னும் எத்தன பேருக்குக் குடுத்திருக்கீங்க?"

அதைவிட மோசமானதைச் சொல்கிறேன். அவள் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அந்த ஆறு வாரமும், பெட்டியில் மிச்சமிருந்ததை விற்றுத் தீர்த்தேன். பாசியில் வழுக்கினாள் என்று ஊருக்குச் சொன்னது உன்னிடம் மறைப்பதற்காக இல்லை. கடையில் மிச்சம் இருந்தது, அதனால். அவள் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே ஒற்றைக் கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு உன் ரகுவையும் புலியையும் இத்தனை ஏளனம் பண்ணுகிற எனக்கு, ஏளனம் பண்ண வேறு ஆள் தேவையில்லை. கடைக் கண்ணாடி அலமாரியில் பார்த்தால் போதும்.

இப்போது உன் பேட்டரிக்கு வருகிறேன். உன் பெட்டி வந்த அன்றே, சோதனை கீதனை எதுவும் செய்வதற்கு முன்பே, ஏழு வீட்டுக்கு ஜோடி ஜோடியாகக் கொடுத்துவிட்டேன். இனாமாக. "என் மகன் அனுப்பினது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். அவ்வளவு திமிர். அன்றைக்கே பெட்டிக்கு அடியில் எறும்பு மாதிரி எழுதியிருந்ததையும் படித்தேன். சூடான இடத்தில் வைக்காதே, வெடிக்கும், தீப்பிடிக்கும் என்று ஆங்கிலத்தில். படித்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள். பிறகு நாலாம் நாள் காலையில், வெளியே புல்லெல்லாம் உறைபனி. உன் புலி போட்ட டார்ச்சைத் தட்டினால் எரியவில்லை. கட்டை விறைத்திருக்கும் என்று இரண்டையும் கழற்றி, வெந்நீர் அடுப்புத் திட்டில் வைத்துவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். யோசித்து வைக்கவில்லை. கை வைத்தது. உன் அம்மா வெந்நீர் மொண்டுகொண்டு குளிக்கப் போய் ஒரு நிமிஷம்தான் இருக்கும். சீறுகிற சத்தம் கேட்டது. திரும்பினால் ஒன்று உப்பி, சட்டை கிழிந்து, ஊதுகிற மாதிரி நெருப்பு வருகிறது. வந்த வேகத்தில் துள்ளி, மேலே கொடியில் காயப்போட்டிருந்த அவள் ஸ்வெட்டரைப் பற்றவைத்துவிட்டுக் கீழே விழுந்தது. சாக்கைப் போட்டு அமுக்கினேன். அந்தப் புகை இருக்கிறதே, இரண்டு நாள் தொண்டையில் இருந்தது. ஈரத் தலையோடு வந்து நின்றவள், கரிந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் வேனில் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. அவள் கேட்காமலே நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டீயைக்கூட முடிக்கவில்லை. லைனுக்குள் நுழையும்போது ஒவ்வொரு கூரையிலும் புகை. முதல் இரண்டு வீட்டில் டார்ச்சுக்குள்ளேயே இருந்தது, கழற்றி வாங்கிக்கொண்டேன். மூன்றாவது, கொழுந்து பறிக்கிறவர்களுக்கு சூப்பர்வைசராக இருக்கிற சரோஜா அக்கா வீடு. அடுப்பு எரிகிறது. திட்டில் இரண்டு கறுப்புக் கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதற்கு ஒரு முழம் தள்ளி அவர் பேத்தி சாக்கு மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறது. கரண்டியை வாங்கி இரண்டையும் முற்றத்துக்குத் தள்ளினேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சூடு காட்டத்தானுங்க வெச்சேன். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க" என்றார்.

"இதுக்குக் காட்டக் கூடாதுங்க அக்கா. வெடிச்சுப்போடும்."

"வெடிக்கறத எதுக்குங்க குடுத்தீங்க?"

"தெரியாமக் குடுத்துட்டனுங்க."

அவர் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார், கோபமாக இல்லை. "பையன் அனுப்புனதுன்னு சொன்னீங்களே. அவனுக்குத் தெரியுமுங்களா?"

தம்பி, இல்லைங்க, அவனுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அது அன்றைக்கு உண்மை. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது அது உண்மையாக இருக்காது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம்ப்பா, தமிழில் பெரிசாகப் போட்டுவிடலாம் என்பாய். ரகு அதற்கும் ஒரு புலி வரைவான். நான் அந்த எச்சரிக்கையைக் கண்ணாடி போட்டுப் படித்தவன், தம்பி. படித்துவிட்டு நாலாம் நாள் அடுப்பில் வைத்தவன். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் நாற்பது வருஷமாக அந்தத் திட்டில் கட்டை வைத்துப் பழகின கை இருக்கிறது. அந்தக் கை ஸ்டிக்கர் படிக்காது. கோயமுத்தூரில் உன் ஃப்ளாட்டில் கேஸ் அடுப்பு, குளிர் இல்லை; அங்கே உன் பேட்டரி நல்ல பேட்டரியாகவே இருக்கலாம். நல்ல கம்பெனி செய்தால் அந்த எண்ணும் உண்மையாக இருக்கலாம். அங்கே விற்பதானால் விற்றுக்கொள், ஏளனம் பண்ணுவேனே தவிரத் தடுக்க மாட்டேன். ரீசார்ஜ் கட்டைதான் வேண்டும் என்று இங்கே யாராவது கேட்டால் அந்த வெள்ளை ரகத்தைக் கொடுப்பேன். சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும், ஆனால் பெட்டியில் ஒரு மாசம் சும்மா கிடந்தாலும் எடுத்துப் போட்டால் எரிகிறது, அணையப்போகிறேன் என்று அரை மணி முன்னாடியே சொல்கிறது. தவறிப்போய் அடுப்போரம் வைத்தாலும் அது பாழாகுமே ஒழிய நெருப்பைக் கக்காது. மிஸ்டில் நடக்கிறவளுக்கு மூவாயிரத்து அறுநூறு வேண்டாம், அந்த அரை மணி வேண்டும்.

ஆறு வீட்டில் வாங்கிவிட்டேன். ஏழாவது வீடு மேல் லைனில் கடைசி. அவர்கள் பண்டிகைக்குக் கீழே சொந்த ஊருக்குப் போயிருக்கிறார்கள், வீடு பூட்டிக்கிடக்கிறது. போன் போட்டால் எடுப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஊட்டி பஸ்ஸில் வருவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரு வாரம் பூட்டிக்கிடந்த வீடு, கல் மாதிரி குளிர்ந்திருக்கும். வந்ததும் முதல் வேலை அடுப்பு பற்றவைப்பது. இரண்டாவது வேலை என்ன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் மூன்று மணியிலிருந்தே பஸ் நிறுத்தத்தில் நிற்கப்போகிறேன். நீ காலைப் பஸ்ஸைப் பிடித்தால் எனக்கு முன்னாலேயே வந்துவிடலாம். அவர்கள் இறங்கும்போது நான் ஓரமாக நின்றுகொள்கிறேன். நீ போய், "நான் அனுப்புன பேட்டரிங்க, ஆபத்துங்க, திருப்பிக் குடுத்துருங்க" என்று உன் வாயால் சொல்லி, அவர்கள் பின்னாலேயே படியேறிப் போய்க் கையில் வாங்கிக்கொண்டு வா. அதற்குப் பிறகும் திங்கட்கிழமை இந்த ஜில்லாவுக்குக் கையெழுத்துப் போட உனக்கு மனசு வந்தால், போய்ப் போடு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

சனிக்கிழமை பார்க்கலாம்.

அப்பா